அருளப்புவுக்குப் போட்ட கோட்

அலம்பில்
09.06.2024

என் குஞ்சு,

இயேசுவுக்குப் புகழ். நீ கன்னியர் மடத்துக்குப் போன நாள் தொடக்கம் நான் உனக்கு எழுதவில்லை. நீயும் மூன்று கடிதம் போட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிட்டாய். கோபம் ஆறினால் எழுதுவோம் என்று இருந்தேன். அது ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. கோபத்தோடும் எழுதலாம்தானே என்று பேனையை எடுத்துவிட்டேன்.

அங்கே போன் இல்லை, கடிதம் மட்டும்தான், அதையும் மதர் முதலில் உடைத்துப் படிப்பா என்று எழுதியிருந்தாய். மதர், வணக்கம். இவள் விடியப் பூசைக்கு எழும்புகிறாளோ? எழும்பாவிட்டால் காலைப் பிடித்து இழுங்கோ, அதுதான் ஒரே வழி. இனி வருவது மகளுக்கு.

ஒக்டோபரில் அப்பாவின் ஆண்டுப் பூசை. நினைவு அட்டை அடிக்க வேண்டும். அதற்காக டவுனில் ஒரு கடைக்குப் போய், நீ செய்த மரண அறிவித்தலைக் கொடுத்து, "தம்பி, இந்தக் கோட்டும் கழுத்து ரையும் வேண்டாம், கழட்டி விடு" என்றேன். அந்தப் பெடியன் சிரித்தான். "கழட்டினா கீழ ஒண்டும் இருக்காது அன்ரி. வேற உடம்பு போடலாம்" என்று சொல்லிக் கொம்பியூட்டரில் உடம்புகளைக் காட்டினான். தலை இல்லாமல் வரிசையாக நிற்கிறார்கள், பிள்ளை. வேட்டி கட்டின உடம்பு, சேட்டுப் போட்ட உடம்பு, பொலிஸ் உடம்பு கூட ஒன்று. "அங்கிளுக்கு எது பொருந்தும்?" என்று கேட்டான். நான் குடும்பம் நடத்தின உடம்பு இதில் இல்லை என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

அப்பா சட்டை போட்டதே நத்தாருக்கும் உயிர்ப்பு ஞாயிறுக்கும்தான். நீ அந்த மனிசனுக்குக் கண்டறியாத கோட்டைப் போட்டு, தலையைக் கறுப்பாக்கி, சந்திக்குச் சந்தி ஒட்டுவித்தாய். மீன்காரப் பெண்கள் என்னிடமே "ஆரக்கா அந்த ஐயா, பாங்கில இருந்தவரோ?" என்று கேட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன? செத்தவீட்டன்று நானே அதைக் கடந்து போனேன். ஐயோ பாவம், யாரோ பெரிய மனிதரும் செத்துப்போனார் என்று நினைத்தேன்.

இப்போது வேறு வில்லங்கம். கண்ணை மூடினால் கோட் போட்டவர்தான் வருகிறார். வீட்டுக்காரரை நினைக்கப் போனால் அந்தப் பாங்குக் கந்தோர்காரர் வந்து நிற்கிறார். அவரோடு நான் என்னத்தைக் கதைக்க? பழைய படங்கள் எல்லாம் முள்ளிவாய்க்காலோடு போயிற்று. அதற்குப் பிறகு கமராவைக் கண்டால் ஓடுகிற மனிசன். நீ கரையில் வைத்து உன் போனில் எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அந்தப் போனையும் துடைத்து அழித்துச் சுவாமியாரிடம் தானம் கொடுத்துவிட்டுப் போனாய்.

அந்தப் படம் உன் கொம்பியூட்டருக்குள் இருக்கிறதா? நேற்று அமத்திப் பார்த்தேன். நீல வெளிச்சம் வந்தது, வட்டம் ஒன்று சுற்றியது. சோறு வடித்தேன், கறி வைத்தேன், சாப்பிட்டும் வந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்டிக்கு மேலே அந்தோனியார் சுரூபத்தை வைத்து மெழுகுதிரி கொளுத்தினேன். அதற்கும் அசையவில்லை.

கெதியாகப் பதில் போடு. கோபம் அப்படியேதான்.

அம்மா, புனிதமலர்


பண்டாரவளை
20.06.2024

அன்பின் அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். மதர் உங்களுக்குத் தன் ஆசீரைத் தெரிவிக்கச் சொன்னா. காலைப் பிடித்து இழுக்கும் வழி இப்போது இங்கே நடைமுறையில் இருக்கிறது. அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல என்னால் முடியவில்லை.

அம்மா, படம் இருக்கிறது. நான் எதையும் வெட்டி எறியவில்லை, மூடி மட்டும் வைத்தேன். கண்ணாடித் தாள்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கினது போல நினையுங்கள். ஒரு தாளில் கோட், ஒரு தாளில் ரை. எல்லாத்துக்கும் கீழே அப்பா அப்பாவாகவே இருக்கிறார்.

அந்தப் பைலைத் திறப்பதுதான் கஷ்டம். அது பாரமான பைல், கொம்பியூட்டரோ பழசு. நான் அறிவித்தலும் பனரும் செய்து கொடுத்த காலத்திலேயே மூன்றாவது பனருக்கு மூச்சு வாங்கும். உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். ஹாட் டிஸ்க் என்பது அப்பா கரையில் போட்ட வாடிக் கொட்டில். வலையெல்லாம் அதற்குள் மடித்துக் கிடக்கும். வலையில் வேலை செய்ய வேண்டுமென்றால் வெளியே எடுத்து விரிக்க மணல் வேண்டும்தானே? அந்த மணல்வெளிக்குப் பெயர் ராம். நம்முடையது மிகச் சின்னன். அதைப் பெரிதாக்கினால் பைல் திறக்கும். தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பெட்டிக்கு மேலே மெழுகுதிரி வேண்டாம்! மேலே இருக்கும் ஓட்டைகள் சூடு போவதற்கு. அந்தோனியாரைத் தயவுசெய்து அலுமாரிக்கு மாற்றுங்கள், அவர் கோபிக்கமாட்டார்.

திறக்கும்போது ஒரு சொல் கேட்கும். அது kalyanam. இந்த எழுத்துகளை அப்படியே பார்த்து அடியுங்கள். கலியாண அட்டைகள் நிறைய வந்த காலத்தில் வைத்த சொல். வேறு ஒன்றும் இல்லை.

கிறிஸ்துவில்,
ஜெயரூபினி


அலம்பில்
01.07.2024

குஞ்சு,

ராசு அண்ணையைத் தெரியும்தானே, கரையில் படகு என்ஜின் திருத்துகிறவர். இப்போது கொம்பியூட்டரும் பார்க்கிறார். மூன்று மாதம் படித்த சான்றிதழை மண்ணெண்ணெய்க் கலனுக்கு மேலே கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். அவரைத்தான் கூப்பிட்டேன்.

"எல்லாம் ஒரே வேலைதான் தங்கச்சி. சூடேறினா நிக்கும், உப்புப் பிடிச்சா ஓடாது" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தார். பல்லி முட்டை நாலு, காய்ந்த பல்லி ஒன்று, மிச்சம் முழுக்க அந்தோனியாரின் மெழுகு. "ஆர் இதுக்குள்ள பூசை வைச்சது?" என்று கேட்டார். காற்றில் வந்திருக்கும் என்று சொன்னேன்.

நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். "அண்ணை, வாடி பெரிசு, மணல்தான் காணாது." பிறகு புதுக்குடியிருப்புக்குப் போய் ஒரு ராம் வாங்கி வந்தார். அது வாய்க்குள் போகவில்லை. நடுவில் இருக்கிற வெட்டு ஒரு அரை விரல் தள்ளியிருந்தது. என்ஜின்காரர் சும்மா இருப்பாரா? அரம் எடுத்து ராவினார். ராவி ராவி உள்ளே தள்ளிவிட்டார். புகை வந்தது. "சாமான் சரியில்லை" என்றார்.

பிறகு வவுனியாவில் இருக்கும் மருமகன் பிரதீபனுக்குப் படம் எடுத்து அனுப்பினார். அவன், "மாமா, அது புது மாதிரி, இதுக்குப் பழைய மாதிரிதான் போகும், அரத்தைக் கீழ வையுங்கோ" என்று சொல்லி, உடைந்த பெட்டி ஒன்றில் இருந்து கழற்றிப் பஸ்ஸில் கொடுத்துவிட்டான். அதன் பல்லெல்லாம் கறுத்திருந்தது. ராசு அண்ணை பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பர் ஒன்றை வாங்கித் தேய்த்தார். மினுமினு என்று வந்தது, போட்டார், உள்ளே போயிற்று. நான் தலைக்கு மேலே கும்பிட்டேன்.

அந்தச் சொல்லை ஒரு விரலால் அடித்தேன். கதவு திறந்தது. அப்போ நீ ஒவ்வொரு நாளும் கலியாணம் கலியாணம் என்று அடித்துத்தான் உள்ளே போயிருக்கிறாய். பிறகு ஏன் அங்கே போனாய்? இதை மதரும் படிக்கட்டும்.

ஆனால் இன்னும் ஆமைதான். ராசு அண்ணை சொல்கிறார், உள்ளே பழைய ஊத்தை நிறைய, முழுக்கக் கழுவித் துடைத்துப் புதிதாக ஏற்றினால் பறக்குமாம், காபரேட்டர் கழுவுகிற மாதிரி. சரி, கழுவுங்கோ என்று சொல்லிவிட்டேன். வருகிற ஞாயிறு பூசை முடிய வருவார். அதற்குப் பிறகு அப்பாவின் படத்தை ஆறுதலாகப் பார்க்கலாம்.

முக்கால் கோபத்தோடு,
அம்மா


பண்டாரவளை
05.07.2024, வெள்ளி

அம்மா! கழுவ வேண்டாம்!

ராசு மாமா சொல்கிற கழுவல் வாடியைக் கொளுத்திவிட்டுப் புது வாடி கட்டுகிற வேலை. வலை, வள்ளம், அப்பா எல்லாம் போய்விடும். அந்தப் படத்துக்கு வேறு பிரதி எங்கேயும் இல்லை.

உங்கள் கடிதத்தை வாசித்த உடனே மதரிடம் ஓடினேன். இங்கே ஓடக் கூடாது, ஓடினேன். போன் எடுக்க அனுமதி தந்தா. நான் வந்த பிறகு இதுதான் முதல் தடவை. உங்கள் போன் அணைந்து கிடக்கிறது. அம்மா, ஏன் எப்போதும் அணைத்தே வைக்கிறீர்கள்? இந்தக் கடிதம் ஞாயிறுக்கு முன்னால் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கை சும்மா இருக்கவில்லை.

மதர் இப்போது நம் பங்குச் சுவாமியாருக்கு எடுக்கப் போகிறா. என்ன சொல்லுவா என்று தெரியவில்லை. அவவுக்குக் கொம்பியூட்டர் தெரியாது.

ரூபி


அலம்பில்
08.07.2024

என் அருமைப் பிள்ளைக்கு,

சார்ஜ் முடிந்தால் போன் தானாக அணைகிறது, நான் அணைக்கவில்லை. அது நிற்க, நேற்றுக் கோயிலில் நடந்ததைக் கேள்.

பூசை முடிகிற நேரம் சுவாமியார் அறிவித்தல் வாசித்தார். முதலில் சிரமதானம். பிறகு யாருக்கோ கலியாண ஓலை, மூன்றாம் முறை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டை எடுத்தார்.

"ஓர் அவசர அறிவித்தல். புனிதமலர் தன்ர கொம்பியூட்டரைக் கழுவக் கூடாது. பண்டாரவளையில இருந்து மதர் சொல்லச் சொன்னவா. அருளப்பு அதுக்குள்ள இருக்கிறாராம்."

எனக்கு முன் வாங்கில் இருந்த கிழவி சிலுவை போட்டுக்கொண்டா. பின்னுக்கு ஒருத்தி, "பாவமடி, மனிசன் போனதோட தலை பிழைச்சுப்போச்சு. கொம்பியூட்டரைச் சவுக்காரம் போட்டுத் தோய்க்கிறாளாம்" என்று சொன்னது எனக்கு நல்லாகக் கேட்டது. ராசு அண்ணை என்ஜின் திருத்துகிற ஆயுதப் பையோடு மூன்றாம் வரிசையில் இருந்தார். அவர் பீடத்தைப் பார்க்கவில்லை. தன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த உடனே அவரிடம் போனேன். "அண்ணை, கழுவினா அவர் போயிடுவாராம்." "எனக்கும் இப்பதான் தெரியும் தங்கச்சி. ஆனா அதைக் கோயிலில சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். நல்ல மனிசன், பையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

பின்னேரம் இரண்டு பெண்கள் பூக் கொண்டுவந்தார்கள். "எந்தப் பெட்டி?" என்று கேட்டார்கள். காட்டினேன். முழந்தாளில் இருந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் தடுக்கவில்லை. பெட்டிக்கும் நல்லதுதானே.

பயந்துபோனேன், பிள்ளை. நான் சரி என்று சொன்ன வாயால் அவரை இரண்டாம் தரம் அனுப்பியிருப்பேன். இனி என்ன செய்ய வேண்டும் என்று நீயே ஒழுங்காக எழுது. உன்னைக் கேட்காமல் ஒரு ஆணியும் கழற்றமாட்டோம்.

அம்மா


பண்டாரவளை
04.08.2024

அன்பின் அம்மா,

உங்கள் கடிதத்தை மதர் சாப்பாட்டு மேசையில் எல்லாருக்கும் வாசித்தா. பெட்டிக்கு முன்னால் முழந்தாளில் இருந்த இடம் வந்தபோது வாசிக்க முடியாமல் என்னிடம் தந்துவிட்டா. இப்போது மன்றாட்டு நேரத்தில் ஒரு கருத்து கூடியிருக்கிறது. "அலம்பிலில் உள்ள கொம்பியூட்டருக்காக" என்று வாசிக்கிறார்கள். எல்லாரும் பதில் சொல்கிறார்கள்.

இனி நான் சொல்கிறபடி. முதலில், பழைய ஹாட் டிஸ்க்கில் இருக்கும் எல்லாத்தையும் வேறு ஒன்றில் பிரதி எடுக்க வேண்டும். அது முடியும்வரை ராசு மாமா எதையும் தொடக் கூடாது. அன்பாகச் சொல்லுங்கள். பிறகு எஸ்.எஸ்.டி. என்று ஒரு சாமான், தீப்பெட்டியைத் தட்டையாக்கினது போல இருக்கும். அதில் புதிதாக ஏற்றினால் வாடிக்குள் நுழைந்து தேடத் தேவையில்லை, கை நீட்டினால் வலை வரும். பெட்டிக்கு உள்ளே ஒரு காற்றாடி கட்டாயம் போடுங்கள். கிராபிக்ஸ் கார்ட் நமக்குத் தேவையில்லை, ஆசை காட்டினாலும் வாங்க வேண்டாம். இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று தெரியுமா? தியானத்தில் இருக்கும்போது ராம் ஞாபகம் வருகிறது. மதரிடம் சொன்னேன். "அதையும் ஆண்டவரிட்ட குடு" என்றா.

படம் திறந்ததும் வலது பக்கம் கீழே தாள்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். அதை அமத்தினால் கண் மூடும், அந்தத் தாள் மறையும். மேலே இருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வாருங்கள்.

கோட்டைப் பற்றி. நான் செய்த எல்லா அறிவித்தலிலும் அப்பாமார் கோட்டோடுதான் போனார்கள். வயல்காரர், கள்ளிறக்குகிறவர், எல்லாரும் வந்து, "தங்கச்சி, ஒரு கோட் போட்டுவிடு" என்றுதான் கேட்டார்கள். ஊரில் எல்லாருக்கும் போட்டவள் தன் அப்பாவை மட்டும் வெறும் மேலோடு அனுப்பினாள் என்று சொல்லக் கூடாதே என்று பார்த்தேன். எனக்கு அந்த நேரம் தெரிந்த மரியாதை அதுதான், அம்மா.

ரூபி


அலம்பில்
12.09.2024

என் குஞ்சு,

திறந்தது.

பிரதீபன் வவுனியாவில் இருந்து தானே வந்து பிரதி எடுத்துத் தந்தான். ராசு அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காற்றாடி மட்டும் அவர் பூட்டினார், படகு பூட்டுகிற மாதிரி. அது ஓடினால் மேசை கிடுகிடுக்கிறது. சூடு மட்டும் இல்லை. கருவாடு ஒரு பை கட்டிக் கொடுத்தேன், வாங்க மறுத்து, பிறகு வாங்கினார்கள்.

படம் வந்ததும் இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னேன். ஒரு மனிசன் உடுப்புக் கழற்றுகிற இடத்தில் மற்ற ஆட்களுக்கு என்ன வேலை?

முதல் கண்ணை மூடினேன், ரை போயிற்று. அப்பாடா என்று இருந்தது, அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அடுத்தது கோட். அதற்குக் கீழே ஒரு வெள்ளைச் சேட்டு, அது எப்போது போட்டாய், எனக்குத் தெரியாதே! அதையும் கழற்றினேன். பிறகு தலைமயிர்க் கறுப்பு. நரை வந்தது, நடு மண்டை வழுக்கையும் வந்தது. பிறகு வாய்க்கு ஒரு கண். நீ உதட்டையும் பூட்டியிருக்கிறாய், பல்லையும் கட்டியிருக்கிறாய். அது போனதும் என்ஜின் கயிறு அடித்து உடைந்த பல்லின் ஓட்டை அந்த இடத்திலேயே இருந்தது. கடைசியாகப் பின்னால் நீ தொங்கவிட்ட நீலத் துணி. அந்தக் கண்ணை மூடினேன். கடல் வந்துவிட்டது, பிள்ளை. சோளகக் காற்றில் நுரைத்துக்கொண்டு கடல்.

நான் வாய் தவறி, "வாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

வெளியே நின்ற ராசு அண்ணை, "நான் வரட்டோ தங்கச்சி?" என்று கேட்டார். "உங்களை இல்லை" என்று சொன்னேன்.

இப்போது கண்ணை மூடினால் கந்தோர்காரர் வருவதில்லை. போய்விட்டார். இரண்டு நாள் அழுதேன், நல்லாக இருந்தது. செத்தவீட்டில் இப்படி அழ முடியவில்லை, யாருக்கு அழுகிறேன் என்று தெரியாமல் அல்லவா இருந்தேன்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் படத்தில் அப்பாவின் வாய் திறந்திருக்கிறது. ஒரு கை பாதி தூக்கி இருக்கிறது. உன்னைப் பார்க்கவில்லை, உன் தோளுக்கு மேலால் பார்த்து ஏதோ சொல்லுகிறார். என்ன சொன்னார்? படம் எடுத்தவள் நீதானே.

அம்மா


பண்டாரவளை
25.09.2024

அன்பின் அம்மா,

எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்று நாளாக நினைத்துப் பார்த்தேன். அன்று காற்று பலமாக இருந்தது. நான் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். முகத்தில் ஒரு பக்கம் நிழல் விழுகிறதே என்று பார்த்தேன். அவர் ஓடுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பார்த்தேன். ஏதோ சொன்னார், அது உண்மை. அறிவித்தல் செய்யும்போது வாய் திறந்திருந்தது வடிவில்லை என்று மூடிவிட்டேன்.

மன்னியுங்கள் என்று எழுதி அழித்தேன். மதர் அழித்ததையும் பார்த்துவிட்டு, "அப்பிடியே அனுப்பு" என்றா. கோட் கழன்றதற்கு இங்கே நன்றிப் பூசை கேட்டிருக்கிறோம்.

ரூபி


அலம்பில்
21.10.2024

என் குஞ்சு,

ஆண்டுப் பூசை நல்லபடி முடிந்தது. நினைவு அட்டை ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அதைச் செய்தது நான். ஓம், நானேதான். பிரதீபன் போனில் சொல்லச் சொல்ல, ஒரு விரலால் அடித்தேன். பெயர் கொஞ்சம் சரிந்து நிற்கிறது. அவரும் அப்படித்தான் நின்றவர். வாயை மூடவில்லை.

கோயில் வாசலில் அட்டையை வாங்கின சனம் எல்லாம் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு அழுதார்கள். அந்த மீன்காரப் பெண்கள், "ஐயோ, இது எங்கட அருளப்பு அண்ணையெல்லோ! அப்ப போன வருசம் செத்த அந்த ஐயா ஆர்?" என்று கேட்டார்கள்.

பேசாலையில் இருந்து சவிரிமுத்து அண்ணை வந்தார். அப்பாவோடு நாயாற்றில் வாடி போட்டுத் தொழில் செய்த கூட்டாளி. அட்டை யாருடையதோ போனில் போயிருக்கிறது, பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறார். பூசை முடிந்து மூன்றாம் நாள் வந்து, வாசலில் நின்றபடியே, "இவன் எப்ப செத்தவன்?" என்று சண்டைக்கு வருகிற மாதிரிக் கேட்டார். ஒரு வருசமாயிற்று, உங்களுக்கும் அறிவித்தல் வந்திருக்குமே என்று சொன்னேன். "வந்ததுதான். ஆரோ கோட்டுக்காரன் எண்டு தள்ளி விட்டிட்டன். நான் அடிக்கிற போனை அவன் எடுக்கேல்லை, என்னோட கோபம் எண்டு நினைச்சு நானும் ஒரு வருசம் கோபமாத் திரிஞ்சனான்" என்று சொல்லிவிட்டு மணலில் குந்தி அழுதார். பாவம், கோபம் எல்லாம் வீணாகப் போன ஆள். அதைப் பார்த்தபோது என்னுடையதையும் விட்டுவிடலாம் என்று இருந்தது. நீ நல்லாக இரு. அங்கேயே இரு. விடியக் காலமை எழும்பு.

ராசு அண்ணை ஒரு நாள் தனியாக வந்து, "தங்கச்சி, நான் போனா எனக்கு மறக்காமல் ஒரு கோட் போட்டுவிடு, ரையோட. உயிரோட இருக்கேக்க அதைப் போட்டுக்கொண்டு என்ஜின் திருத்தேலாதுதானே" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அது எப்படிப் போடுவது என்று எழுது. மண்ணிறம் கேட்கிறார்.

அப்பா படத்தில் என்ன சொல்கிறார் என்று அட்டை வாங்கின ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். சவிரிமுத்து அண்ணை, "வலை தட்டுப்படுது, பிடிடா எண்டு கத்துறான்" என்றார். ராசு அண்ணை, "மண்ணெண்ணெய் காணுமோ எண்டு கேக்கிறார்" என்றார். சுவாமியார் அல்லேலூயா என்று சொன்னார். அவர் போன மாதம் மாறி வந்த புதுச் சுவாமியார், அப்பாவைத் தெரியாது.

நேற்று நான் அட்டையைக் கொண்டு கரைக்குப் போனேன். படத்தில் தெரிகிற அதே இடத்தில், அவர் நின்ற மாதிரி நின்று, அவர் பார்த்த பக்கம் பார்த்தேன். நேரே நம் வீட்டுக் குசினி வாசல். நீ கரையில் நின்றிருக்கிறாய், அப்போ அந்த வாசலில் என்னைத் தவிர வேறு யார்? அவர் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார், பிள்ளை. காற்றுக்குள் எனக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருந்திருக்காது. நான் போனேனா, இல்லாவிட்டால் "பொறுங்கோ, வாறன்" என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே நின்றுவிட்டேனா?

அம்மா